எதிர்ப்பாதையில் வரும் வேன்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

திருப்பூருக்கு வரும் பல்லடம் சாலை ஆண்டுக்கு ஆண்டு நெரிசலாகி வருகிறது. இப்போதெல்லாம் காலையில் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் நகர்வதே இல்லை. ஆனால் குண்டடத்திலிருந்து தையல் பெண்களை ஏற்றி வரும் எங்கள் பனியன் கம்பெனி வேன் மட்டும் ஒரு வாரமாக மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. காரணத்தை இன்றுதான் கேட்டேன்.

“ராங் சைடுலதானுங்க சார் வர்றோம்,” என்றாள் தையல்காரி செல்வி. “பல்லடம் தாண்டுனதும் எல்லாரும் கண்ண மூடிக்குவோமுங்க. தொறந்தா கம்பெனி வந்திருக்கும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்படி ஓட்ட மறுத்த பழைய ஓட்டுநரைப் போன வாரம் வேலையிலிருந்து நிறுத்தியவன் என் மைத்துனன் சண்முகம், கம்பெனியில் எனக்குச் சமபங்குக்காரன். அவனிடம் கேட்டேன்.

“எதுக்க வர்றவன் ஒதுங்கிக்குவானுங்க மாமா. ஷிப்மென்ட் ஒதுங்குமா? நீங்க காலேஜ்ல படிச்சதெல்லாம் இந்த ரோட்டுல ஓடாதுங்க.”

நான் குரலை உயர்த்தவில்லை. அவன் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, வேன் சாவியைக் கேட்டேன். அதற்குள் புதிய ஓட்டுநர் பெண்களை இறக்கிவிட வேனுடன் குண்டடம் போய்விட்டிருந்தான்; இரவு வேன் அங்கேதான் நிற்கும். அவன் அலைபேசி இன்னமும் அணைந்தே கிடக்கிறது.

விடியும்போது அந்தப் பெண்கள் வேனில் ஏறிவிடுவார்கள். அதற்கு முன் நான் குண்டடத்தில் இருந்தாக வேண்டும். எனக்குரிய பாதையிலேதான் போவேன். சற்றுத் தாமதித்தாலும் அதே பாதையில், எனக்கு நேரெதிரே, எங்கள் வேன்தான் வரும்.