எண் படிக்க நீ இல்லை

என் அமுதாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பட்டறையை இன்னும் மூடவில்லை, மூடியிருக்கலாம். காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், சாயங்காலம் இறக்குகிறேன், நடுவில் நடப்பதற்கு வேலை என்று பெயர். நீ வழக்கமாக வந்திறங்கும் அம்பகரத்தூர் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் இன்னமும் தலை நிமிர்கிறது. யார் இறங்கி வரப்போகிறார்கள்?

கருக்களாச்சேரி கலியபெருமாள் போன வாரம் மீன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய் நின்றுவிடுகிறதாம். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறதாம். வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரெயில் பிரஷர் சென்சார் என்று காட்டியிருக்கிறது. உடனே சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்கள். வண்டி திருமலைராயன்பட்டினம் போவதற்குள் மறுபடி நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாததா? டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார். சொல்லும் வழி மூன்றே மூன்று வயர். அதில் ஒன்று ஒரு நொடி விட்டால் போதும், கம்ப்யூட்டர் பயந்துபோய் எஞ்சினை அடக்கிவிடும். சொல்கிறவன் மேல் குற்றமில்லை, வழியில்தான் கோளாறு. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் இருக்கிறது, எர்த் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. நாம் பார்க்கும்போது சரியாக இருப்பதுதானே இந்தக் கோளாறின் குணம்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்கேனரில் எண்ணைப் படிக்க வேண்டும், ஒருவர் வயரைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போக வேண்டும். நீ அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து உட்காருவாய். “முந்நூத்திப் பத்து... முந்நூத்திப் பன்னெண்டு... இன்னும் எத்தனை நேரங்க, கொழம்பு அடிப்பிடிக்கப் போவுது... முந்நூத்திப் பத்து... ஏங்க, விழுந்துடுச்சு!” என்ன சந்தோஷம் உனக்கு அதில்! வண்டி கெட்டதற்கு அப்படிச் சிரித்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தனியாகச் செய்து பார்த்தேன். ஸ்கேனரைக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைத்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கலியபெருமாளை உள்ளே உட்கார வைத்தேன், அவர் இரண்டு எண் படித்துவிட்டு எலெக்‌ஷன் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கே பொறுமை போய்விட்டது.

“இப்ப நல்லாத்தானே ஓடுது? குடுத்துடுங்களேன், பாத்துக்கலாம்.”

“இப்ப ஓடுதுங்கறது ஒரு பதிலாய்யா? எப்ப நின்னுச்சு, எங்க நின்னுச்சு, அதைச் சொல்லுங்க. ஆட்டிப் பாக்காம ஒன்னுமில்லன்னு சொல்றவன் மெக்கானிக்கா?” என்று கத்திவிட்டேன். இருபது வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்கிற அதே வசனம்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன வாய் எனக்கே கசந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

நீ என்னிடம் சொன்னாய் அல்லவா? “நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிச்சிட்டு, சட்டுன்னு நின்னுடுதுங்க.” காரைக்காலுக்குக் கூட்டிப்போனேன். போய்ச் சேர்வதற்குள் அது போய்விட்டது. ஈசிஜி எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அந்த நேரத்துக்கு அது சரிதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. வரும் வழியில் உனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “பேட்டரி புதுசு மாதிரி இருக்காம்டி” என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய்.

இரண்டாவது தடவை சொன்னபோது என் தலை பானெட்டுக்குள் இருந்தது. “அதான் நார்மல்னு சொல்லிட்டாங்கள்ல” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை நீ என்னிடம் சொல்லவில்லை, அரசியிடம் சொல்லியிருக்கிறாய். “அப்பாகிட்ட சொல்லாத, அவர் வேலை கெடும்” என்றும் சொல்லியிருக்கிறாய். காரியம் முடிந்த அன்று நம் பிள்ளை இதைச் சொல்லிவிட்டு அழுதது. என்ன வேலை அமுதா எனக்கு? யார் வீட்டு வண்டியோ ஓடினால் என்ன, நின்றால் என்ன?

துணி காயப்போடப் போனவள் கொடிக்குக் கீழேயே விழுந்துகிடந்தாய். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் அறுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். என் அக்கா குறுக்கே விழுந்தாள். “மகராசிய அறுக்க விடாதடா தம்பி, முழுசா கொண்டு போவோம்.” நானும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். சந்தேகம் வந்தால் மேல்தோலைக் கீறி உள்ளே செம்பைப் பார்க்காமல் ஒரு வயரை நான் விட்டதில்லை. உனக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

அரசிக்கும் வருகிறது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது முதல் தடவை வந்ததாம். பிறகு மாடிப்படியில். இந்தத் தடவை நான் பானெட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கே கூட்டிப்போனேன். ஈசிஜி நார்மல். டாக்டர் கேட்டார்: “அவங்க அம்மா எதனால இறந்தாங்க?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியாது என்றேன். “போஸ்ட்மார்ட்டம் பண்ணலையா?” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம் என்றேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. கையடக்கமாக ஒரு பெட்டி இருக்கிறதாம். நெஞ்சில் ஐந்தாறு வயரை ஒட்டி இடுப்பில் மாட்டிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அது பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருக்கும். படபடப்பு வந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஓடவிட்டுப் பார்ப்பது! நான் வண்டிக்குச் செய்வதை மனுஷிக்கும் செய்கிறார்கள். நீ இருந்தபோதும் அந்தப் பெட்டி இருந்தது. நான் கேட்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அக்கா இதற்கும் தடுத்தாள். சுரக்குடியிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். “இந்த நேரத்துல ஒயரெல்லாம் மாட்டி அலைய விட்டா யாருடா கட்டுவா? திருநள்ளாறுல எள் வெளக்குப் போடு, போதும்.” எள் விளக்கும் போட்டேன். பெட்டியையும் மாட்டினேன்.

பெட்டியோடு வந்த அன்று மத்தியானம் அரசி பட்டறைக்கு வந்தாள். “சும்மா உக்காந்திருந்தா ஒன்னும் வராதுப்பா. நான் எண் படிக்கிறேன், நீ ஆட்டு” என்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து வயர் எட்டிப் பார்த்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உன் பிள்ளைதானே.

படித்தாள். உன்னைப் போல இழுத்துப் படிக்கவில்லை, டீச்சர் அல்லவா, நறுக்கு நறுக்கென்று படித்தாள். நான் சென்சாரில் வயர் சொருகும் கப்ளரிலிருந்து ஆட்டிக்கொண்டே வந்தேன். விழு, விழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், எப்போதும் சொல்வதுதான். பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை என்று. இன்றைக்கு ஒரு தடவை அவளுக்கும் வந்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு இப்படி வேண்டிக்கொள்ளும் அப்பன் உண்டா?

எண் நின்றுவிட்டது.

“விழுந்துடுச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. எனக்கு.”

நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை பெட்டியில். எஞ்சின் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “அழுத்திட்டியா? வரட்டும்மா, வரட்டும்.” இதைத்தான் சொன்னேன் அமுதா. ஒரு நிமிடம் இருந்ததோ என்னவோ, போய்விட்டது.

வண்டிக் கோளாறு மறுநாள் அகப்பட்டது. வயரை எஞ்சினோடு பிடித்து வைக்கும் கிளிப் அழுத்தும் இடத்தில் சிக்னல் வயர் உள்ளே அறுந்து, மேல்தோல் மட்டும் முழுசாக இருந்தது. கலியபெருமாள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தைரியம் இல்லை, இருப்பதாகச் சொன்னால் பொய். ஆனால் ஒன்று மட்டும் உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், தலைதான் இல்லையே தவிர. பெட்டி பதிந்த காகிதத்தில் நார்மல் என்றே எழுதியிருந்தாலும், வேறு வழி என்ன என்று கேட்காமல் டாக்டர் எதிரே இருக்கும் அந்த நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அரசி அப்பா