பத்தாவது கையெழுத்து

ஹார்டன்மூர்,
6 மார்ச் 1984

அன்புள்ள டென்னிஸ்,

யாருடைய எழுத்து என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான், சிரில். எழுபத்தொரு வயதில் நானே எழுதும் முதல் கடிதம். இவ்வளவு எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

என் எட்னா கண்ணை மூடிய பிறகு எரிவாயு ரசீதைக்கூடப் படித்துச் சொல்ல ஆளில்லை. எங்கள் தெருவில் 31-ஆம் எண்ணில் இருக்கும் யாகூப், பேருந்து ஓட்டுகிறவர், நூலகத்தில் செவ்வாய்க்கிழமை பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு நடக்கிறது என்றார். போனேன். இப்போது மீன்கடைப் பலகை, பேருந்துச் சீட்டு, எதையும் விடுவதில்லை. எட்னாவின் கல்லறைக் கல்லையும் படித்தேன். பெயரைச் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

உன் பத்திரிகையைப் பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போட்டேன். ஒரு வரி படித்ததில்லை. நிலக்கரிக் கொட்டகையில் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. என் நண்பன் என்னதான் எழுதினான் என்று இனிமேல் பார்க்கப் போகிறேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

உன்,
சிரில் ஆஷ்வர்த்

பர்ன்ஹோம்,
30 மார்ச் 1984

என் அருமை சிரில்,

நம்பவே முடியவில்லை. ஆனால் இந்த வயதில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பழைய இதழ்கள் எதற்கு? அடுப்பில் போடு.

மே மாத நகரசபைத் தேர்தலில் ஆறாவது முறையாக நிற்கிறேன். பழைய கட்சி என்னை வெளியேற்றியது கோழைகளின் வேலை. புதிய கட்சியில் பதினோரு பேர் இருக்கிறோம், அத்தனை பேரும் சிங்கங்கள். வேட்புமனுவில் உன் வட்டாரத்து வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். ஒன்பது வாங்கிவிட்டேன். பத்தாவது இடம் வழக்கம்போல உன்னுடையது.

கீல்வாதம், நேரில் வர முடியவில்லை. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்ட மனுவையே இத்துடன் அனுப்புகிறேன். வியாழன் ஐந்தாம் தேதி நண்பகலோடு கெடு முடிகிறது. மறுநாளே திரும்பி வர முதல் வகுப்புத் தபால்தலையும் வைத்திருக்கிறேன். சிகரெட் அட்டையில் உனக்கு வரைந்து காட்டினேனே, அந்தக் கையெழுத்தைப் போடு. படித்துக்கொண்டு உட்காராதே.

என்றும் உன் தோழன்,
டென்னிஸ் ஹோல்க்ராஃப்ட்
ஆசிரியர், 'தீவின் காவல்'

ஹார்டன்மூர்,
3 ஏப்ரல் 1984

டென்னிஸ்,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். அது பிழை இல்லை.

1979 அக்டோபர் இதழைப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. எங்கள் தெருவில் 31-ஆம் எண் வீட்டில் வந்தேறிகள் இருபது பேர் அடைந்து கிடக்கிறார்கள், நோயைப் பரப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கே இருப்பது ஐந்து பேர். மழையில் நான் நொண்டி வருவதைப் பார்த்தால் பேருந்தை நிறுத்தி வைத்து, "மெதுவா வாங்க சிரில், ராணிக்கே இவ்வளவு நேரம் நிக்க மாட்டேன்" என்பாரே, அவர் வீடு. அந்த வாரம்தான் அவர்கள் சன்னலில் செங்கல் விழுந்தது. கண்ணாடிச் சில்லுகளை அவரோடு சேர்ந்து நான்தான் கூட்டினேன். எந்தப் பாவி செய்தான் என்று அவரிடமே கேட்டேன்.

அந்த இதழைத் தெருவில் நாற்பது வீட்டுக்கும் போட்டவன் நான். 31-இல் அவர் மனைவி கதவைத் திறந்தாள். கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.

ஊரில் இத்தனை பேர் இருக்க, பத்திரிகை போட என்னை வைத்தாயே, நட்பு என்று எட்னாவிடம் பெருமையடிப்பேன். அவள் உன் பத்திரிகையால் அடுப்பு மூட்டுவாள். இப்போது புரிகிறது. படிக்கத் தெரிந்த எவனும் அதை அந்த வீட்டில் கொடுத்திருக்க மாட்டான்.

நேற்று யாகூப் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும் சிரில். அதைக் குடுத்துட்டு நீங்க சிரிச்சீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. வகுப்பு இருக்குன்னு சொல்லத்தான் எனக்கு இத்தனை வருசம் ஆச்சு" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம் டென்னிஸ். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இன்னும் எழுத்துப் போதவில்லை.

மனுவை முழுக்கப் படித்தேன், பின்பக்கத்துச் சிறிய எழுத்து உட்பட. பத்தாவது கோடு காலியாகவே திரும்பி வருகிறது.

உறையில் இரண்டாம் வகுப்புத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். இதை நீ படிக்கும்போது வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும். உன் முதல் வகுப்புத் தபால்தலை உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்.

சிரில் ஆஷ்வர்த்