ஊசிக்கு அப்புறமும்

என் கண்ணே,

நீ வியன்னாவிலிருந்து கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. உதடு வீங்கிக் கிடக்கிறது.

உன் அப்பாவின் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போடுகிறார்கள். ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் காயடித்தவருக்கு இப்போது மார்பு பெருத்துவிட்டது. பக்கத்து வீட்டு தெசாங்கா சிரித்தாள்: "காயடிச்ச பன்னி கடிக்காதுடி. இனி நிம்மதியாத் தூங்கு." நானும் நம்பினேன். என்னை அடித்தபோதெல்லாம், "ஆம்பள ரத்தம், நான் என்னடி பண்ண?" என்பாரே.

நேற்று பன்றி அறுத்தோம். உருக்கிய கொழுப்பு கொஞ்சம் கருகிவிட்டது. கிளறிய மரத்துடுப்பாலேயே என் வாயில் அடித்தார். இரண்டு பல் விழுந்தன. முடியைப் பிடித்துக் கொதிக்கும் கொப்பரைப் பக்கம் இழுத்தார். நான் துடுப்பைப் பிடுங்கி ஒரே அடி அடித்தேன். அவர் மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம், "ஊசி வேலை செய்யலையா?" என்று கேட்டேன்.

"நல்லாவே செய்யுது. அந்த ஹார்மோன் அவர் ரத்தத்துல இல்லவே இல்லன்னு சொல்லலாம். ஆனா இந்த ஊசி எலும்பைத்தான் மெலிய வைக்கும்மா, கோபத்த இல்ல."

நாளை கட்டோடு வீட்டுக்கு வருகிறார். இன்னொரு கையின் எலும்பும் மெலிந்துதானே இருக்கும்? துடுப்பைக் கழுவி அடுப்பருகே சாய்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு பல் குறைந்த,
உன் அம்மா