தூத்துக்குடியில் இறங்காத விமானம்

2025 நவம்பர் 19, புதன்

கிறிஸ்மஸ் கேக்குக்கு உலர்திராட்சை ஊறப்போட்டாயிற்று. என் மகன் ஆசிரும் அவன் மனைவி ஜெபிதாவும் சென்னையிலிருந்து வருகிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் இங்கே இருக்கப்போகும் முதல் கிறிஸ்மஸ். அவள் விமானி. பண்டிகை நாளில் விடுப்பு கிடைப்பதே பெரிதாம். வந்தால் வரட்டும். நான் ஒன்றும் ஏங்கவில்லை. மெத்தை உறைகளை மாற்றியது, அவை பழசாகிவிட்டதால்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோவில் வாசலில் கூட்டம். நடுவில் மாணிக்கராஜ் — சபைச் செயலாளர், அரிசி மண்டிக்காரர், சத்தமாகச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று நம்புகிறவர். வியாழக்கிழமை அவரும் மனைவி ஞானபாயும் தூத்துக்குடிக்கு வந்த விமானத்தை ஓட்டியது ஜெபிதாவாம். யாரும் எதிர்பாராத மழை. விமானம் ஊருக்கு மேலேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் திருச்சியில் போய் இறங்கிவிட்டது. அங்கிருந்து கார் பிடித்து நடுச்சாமத்தில் வீடு சேர்ந்தார்களாம்.

"ரெண்டு சொட்டு மழைக்குப் பயந்துட்டா அந்தப் பிள்ளை. எங்களுக்குப் பின்னால வந்த விமானம் இறங்கிட்டு, தெரியுமா?"

என்னைப் பார்த்ததும் குரலைக் குறைத்திருக்க வேண்டும். ஏற்றினார்.

"நீங்கதானக்கா சொன்னிய, மேல பஸ் ஓட்டுத பிள்ளைன்னு? பஸ்ஸ ஸ்டாண்டுல விடாம திருச்சில விட்டுட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். சொன்னேன்தான். கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரியிடம். என் மருமகளை நான் சொல்வேன். இவர் யார்?

நவம்பர் 25, செவ்வாய்

ஆசிர் போனில் கூப்பிட்டான். மாணிக்கராஜ் அதே பேச்சை, நான் சொன்ன பஸ் கதையோடு, பதிவுசெய்து சபை வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறார். ஜெபிதா கேட்டுவிட்டாளாம். "சிரிச்சாம்மா. அப்புறம், கிறிஸ்மஸுக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்கன்னுட்டா."

இரவு சாப்பிடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 26, புதன்

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே விவரம் கேட்பதற்காக ஜெபிதாவைக் கூப்பிட்டேன். பின்னால் வந்தவன் இறங்கினானே, நீ ஏன் திருச்சிக்குப் போனாய்?

பொறுமையாகச் சொன்னாள். போகிற ஊருக்கு மட்டும் எண்ணெய் போடுவதில்லையாம். அங்கே இறங்க முடியாவிட்டால் இன்னோர் ஊருக்குப் போக ஒரு பங்கு. அங்கே போயும் காத்திருக்க நேர்ந்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு பங்கு. இது போக, மேலே சுற்றுவதற்குக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் தீர்ந்தபோதும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. மதுரையிலும் அதே மழை. பின்னால் வந்தவன் வருவதற்குள் மழை விட்டுவிட்டது.

"இன்னும் பத்து நிமிஷம் சுத்தியிருந்தா நானும் இறங்கியிருக்கலாம் அத்தை. மழை விடலைன்னா, திருச்சிக்குப் போற எண்ணெயிலதான் கை வச்சிருப்பேன். விடும்னு எனக்கு யார் சொன்னா?"

கச்சிதமான பதில். நான் பாடம் நடத்திய கான்வென்டில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அதை அவளிடம் சொன்னேனா? "சரி, வைக்கிறேன்" என்றேன். ஏன் இப்படி இருக்கிறேன்?

டிசம்பர் 3, புதன்

சனிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் தங்கள் ஆகாயப் பயண அனுபவத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று மாணிக்கராஜைக் கேட்டுக்கொண்டேன். மிகவும் பணிவாக. என் பணிவைக் கண்டு அவர் பயந்திருக்க வேண்டும். மகிழ்ந்தார்.

டிசம்பர் 6, சனி

நன்றாகப் பேசினார். மழை இன்னும் சிறியதாகியிருந்தது. கேள்வி நேரம் என்று எழுந்தேன். எண்ணெய்க் கணக்கைச் சொல்லி, எல்லாவற்றையும் சுற்றியே தீர்த்த பிறகும் மழை விடவில்லையென்றால் எங்கே இறங்கியிருப்பீர்கள் என்று கேட்டேன். கடலில் என்றது பின்வரிசை. அவர் தண்ணீர் குடித்தார்.

"அதில்லக்கா. ஒரு தைரியம் வேணும்லா?"

தைரியத்துக்குச் சாட்சி முன்வரிசையிலேயே இருந்தாள். ஞானபாய், விமானம் குலுங்கியபோது இவர் என்ன சொன்னார்? அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதை நம்பித்தான் இந்தக் கூட்டமே.

"இவுகளா? என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ. தூத்துக்குடியே வேண்டாம், எந்த ஊர்னாலும் கீழ இறக்கச் சொல்லுட்டின்னாவ. பத்திரமா இறங்குனா சபை அசன விருந்துக்கு ரெண்டு கிடா தாரேன்னு பொருத்தனை வேற."

கிடாக்களுக்கு அங்கேயே கைதட்டி நன்றி சொல்லிவிட்டோம். ஒருத்தி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தாள். அது சபைக் குழுவுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரியும்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஜெபிதாவிடமிருந்து ஒரே வரி: "இருபத்துநாலாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவீங்களா அத்தை?"

நானே வருகிறேன் என்று எழுதினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் மாணிக்கராஜ் ஜெபிதாவைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் போனேன். ஜனவரி மூன்றாம் தேதி தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிறாராம்.

"அன்னைக்கு ஓட்டுதது நீதானாம்மா?" மெல்லக் கேட்டார்.

"நான்தான் அங்கிள். எண்ணெய் கூடுதலாவே போடச் சொல்லியிருக்கேன்."

மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஜெபிதாவுக்கு ஐந்தாம் தேதி வரை விடுப்பு. மூன்றாம் தேதி அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருப்பாள். பொய்யை நான் பொறுப்பதில்லை, ஊருக்கே தெரியும்.

இன்று மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேகமே இல்லை.