புரியாமல் ஆட்டிய தலை

என் ஆசை அண்ணனுக்கு,

அண்ணி ஒருமாதிரி தேறிவிட்டாள். உன் பாப்பா நடக்கிறாள். எதைக் கேட்டாலும் உன்னை மாதிரியே தலையாட்டுகிறாள். நானும் கும்மிடிப்பூண்டிக்கே வேலைக்கு வந்துட்டேன். டப்பாவில் பெயிண்ட் அடைக்கிற கம்பெனி. உன் கம்பெனி வாசலை பஸ் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

எனக்குப் பயமா இருக்குண்ணா. மிஷினைப் பார்த்து இல்லை, இங்கிலீஷைப் பார்த்து. வடக்கிலிருந்து வந்த ஆபீசருக்குத் தமிழ் வராது. தனித்தனியா தெரிந்த வார்த்தைகளாத்தான் இருக்கும், சேர்த்துக் கேட்டால் ஒன்றும் விளங்காது. "யெஸ் சார்" என்று எல்லாரும் தலையாட்டிவிட்டு, டீ குடிக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் சொல்வோம். நீயும் அதைத்தானே சொல்வாய்? "புரியலன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க. தலைய ஆட்டிக்கினு போய்க்கினே இரு."

அன்றைக்கும் அப்படித்தான் ஆட்டினாயாம். ஆபீசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னாராம், நீ யெஸ் சார் என்று வால்வைத் திறந்தாயாம். உன்னைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் என்ன சொன்னார் என்று கூட நின்றவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் நான் மிஷின் பட்டனில் விரல் வைத்தேன். ஆபீசர் தூரத்திலிருந்து சாதாரணமாக, "ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்" என்றார். குதிரை என்பது மட்டும் தெரிந்தது. பெயிண்ட் கம்பெனியில் குதிரைக்கு என்ன வேலை? தலை தானாக ஆடப் பார்த்தது. உன் நினைப்பு வந்து கையை எடுத்துட்டேன். "நாட் அண்டர்ஸ்டாண்ட், சார்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "வெயிட்" என்று மிஷினுக்குப் பின்னால் கை காட்டினார். அங்கே கூட வேலை செய்கிற குமாரி உள்ளே கைவிட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்ததே எனக்குத் தெரியாது.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள், கையைத் துடைத்தபடி. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுவாயலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருக்கேன். 'ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்' என்றால் 'அவசரப்படாதே, பொறு' என்று அர்த்தமாம். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலையாம். 'அண்டர் த வெதர்' என்றால் உடம்பு சரியில்லையாம். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றைக் கேட்கும்போதும், உன்னிடம் இதைத்தான் சொன்னாரோ என்று தோன்றுகிறது. அந்த வாக்கியமே ஒருநாள் வந்தாலும் எனக்கு எப்படித் தெரியும், அண்ணா?

நாளைக்கும் வேலைக்குப் போகணும். பயம் போகவில்லை. வேலையை விட்டு எடுத்தாலும் எடுக்கட்டும், புரியாததற்கு இனி தலையாட்டமாட்டேன். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வந்ததும் 'புரியல' என்று சொல்லத்தான் முதலில் பழக்குவேன்.

உன் பின்னாலேயே வேலைக்கு வந்த தங்கச்சி,
தேவி