நெஸ்டா தலைவியான நாள்

ஜூலை 18, வியாழன். பிரெக்கன், எங்கள் ஊர்.
நான் கட்டிய பையை நெஸ்டா தரையில் கொட்டி மறுபடி அடுக்கினாள். "மூணு சோப்பு எதுக்கும்மா? மொராக்கோவையே குளிப்பாட்டப் போறியா?" மகள் படிக்கும் பள்ளியிலேயே புவியியல் டீச்சராக இருப்பது என் தலையெழுத்து. அவளுடைய மாணவர் குழுவோடு மொராக்கோ மலைக்கும் கிளம்பியது நானாக இழுத்துவிட்டுக்கொண்டது. என்ன செய்ய? இருபது வருஷமாக அட்லஸ் மலையைப் பலகையில் வரைகிறேன், ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. இந்தத் தடவை அந்த மலையின் உச்சிக் கணவாயில் நின்றே தீருவேன்.

ஜூலை 22
மலையடிவாரக் கிராமத்துப் பள்ளிச் சுவருக்குச் சேவையாக நீல வண்ணம் அடித்தோம். சுரண்டினால் உள்ளே பச்சை, அதற்கும் உள்ளே மஞ்சள். "பச்சை போன தடவை வந்த பெல்ஜியம் பசங்க, மஞ்சள் அதுக்கு முன்னாடி டென்மார்க்" என்றார் வழிகாட்டி லஹ்சன். எங்களுக்குச் சமைத்துப்போடும் ஆயிஷா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "ஏன் டீச்சர், உங்க ஊர்ல சுவரே கிடையாதா?"
இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்க்க ஒரு வருஷம் கேக் விற்றோம் என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 23
கதவும் நீலமாகிவிட்டது. யாரும் அடிக்கச் சொல்லவில்லை. ஓர் ஆட்டின் காதும் நீலம்.

ஜூலை 25
நடை தொடங்கியது. தினம் ஒரு மாணவர் தலைமை, ஆசிரியர்கள் கடைசியில், உயிருக்கு ஆபத்து என்றாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. விதிகளை எழுதியவள் நான்தான். இன்று தலைமை ஓசியன். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நம்பிக்கையாக எங்களை யாரோ ஒருவரின் வெங்காயத் தோட்டத்துக்குள் நடத்திப் போனான். விளையாட்டு ஆசிரியர் ஹியூவும் நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனோம். தோட்டக்காரர் திட்டாமல் ரொட்டியும் தேநீரும் கொடுத்தார்.

ஜூலை 26
தலைவலி. இரண்டு மாத்திரை போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. 'உயரத்தில் தலை வலித்தால் உடனே தலைவரிடம் சொல்லணும்' என்று பிள்ளைகளிடம் நாலு தடவை கத்தியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.
நாளை கணவாய். தலைமை நெஸ்டா.

ஜூலை 27. மறுபடி கிராமத்தில்.
ஆமாம், கிராமத்தில்தான்.
காலையில் நெஸ்டா எல்லோரையும் வரிசையாக விசாரித்தாள். தலைவலி? வாந்தி? தூக்கம்? "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். நான் தொடாத தட்டைப் பார்த்தாள்.
"மிஸ், நேரா பத்து அடி நடந்து காட்டுங்க."
நடந்தேன். கள் குடித்தவள்கூட இன்னும் ஒழுங்காக நடந்திருப்பாள்.
"நீங்க கீழ போறீங்க."
"இன்னும் ரெண்டு மணி நேரம்தானே, நெஸ்டா! இருபது வருஷ ஆசைடி எனக்கு!"
"இன்னைக்குத் தலைவி நான். விதி நீங்க எழுதினது."
எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹியூ தன் பூட்ஸ் கயிற்றை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தான். அடிப்பாவி, உன்னைப் பெற்றதற்கு— சொல்லவில்லை. அவளே என் பையைக் கோவேறு கழுதையில் ஏற்றினாள். லஹ்சனின் தம்பி என்னைக் கூட்டிவந்தார். வழியெல்லாம் அழுதேன், கழுதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.
மத்தியானத்துக்குள் தலைவலி போயே போய்விட்டது. அதில்தான் இன்னும் கோபம்.

ஜூலை 28
ஆயிஷாவோடு உருளைக்கிழங்கு உரித்தேன். "பெத்த பொண்ணே திருப்பி அனுப்பிட்டாளா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, பெரிய கிழங்குகளைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டு, சின்னதை எனக்குத் தந்தாள்.

ஜூலை 29
இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் மூக்கு சிவந்திருக்கிறது. நெஸ்டா வந்ததும், "சாப்டீங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கணவாய் நல்லா இருந்ததா என்று கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 2. பிரெக்கன்.
மழை. நடையில் தலைமை வகித்த பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். தான் செய்த தவறு ஒன்றை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ஓசியன் வெங்காயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறான்.
நெஸ்டாவின் பக்கம்:
'ஒருவரை ஒரு நாள் தாமதமாகக் கீழே அனுப்பினேன். அவர் ஒளிந்து மாத்திரை போட்டதை முந்தின நாளே பார்த்தேன். கணவாயைப் பார்க்க ரொம்ப ஆசைப்பட்டார். காலையில் சரியாகிவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.'
இரண்டு தடவை படித்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய் அவள் கதவைத் தட்டினேன்.