பந்தக்காலும் ஆர்மீனிய வளைவும்

8-2-59, ஞாயிறு
பனி. ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ், தென்னூர். நாளை நான் கட்டிய மண்டபத்தில், கூரையைத் தாங்கி நிற்கும் சாரம் பிரிப்பு. புதனன்று அதே மண்டபத்தில் கல்யாணம், துறையூர் மண்டிக்காரர் மகளுக்கு.

கட்டச் சொன்னபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பந்தி நடுவுல தூண் நிக்கக் கூடாது தம்பி. போன கல்யாணத்துல தூணுக்குப் பின்னாடி உக்கார வச்சோம்னு மூத்த சம்பந்தி இன்னும் பேசறதில்லை." சிமெண்ட், கம்பி இரண்டுக்கும் பர்மிட் இல்லை. செங்கல், சுண்ணாம்புதான். கல்லூரி நூலகத்தில் ஹாக்பட் என்ற ஆர்மீனிய மடாலயத்தின் படம் கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டில் தொடங்கிய மடம். தேவாலயத்துக்கு முன்னால் துறவிகள் கூடும் கூடம். நேராக இரண்டு வளைவு, குறுக்காக இரண்டு. நடுவில் தூணே இல்லை, வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு மட்டும். எத்தனையோ நிலநடுக்கம் கண்டும் நிற்கிறது. நம் கோயில் மண்டபம் என்றால் தூண்காடு.

காப்பியடித்தேன். அவர்களுடையது கல், என்னுடையது செங்கல். பயமே அங்கேதான்.

மண்டிக்காரருக்குத் திறப்பு பிடிக்கவில்லை. "மழை வந்தா மாப்பிள்ளைக்குக் குடை புடிக்கறதா?" ஓமப்புகை போகும் என்றேன்.

9-2-59, திங்கள்
போவதற்குள் விடியற்காலையிலேயே பந்தக்கால் நட்டுவிட்டார்கள். கருங்கல் தரை, குழி தோண்ட முடியாது. அதனால் மூங்கிலை இரண்டு வளைவு வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கீழே, நுனி வளைவில் முட்ட நிறுத்தி, அடியில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். மடையர்கள்.

எடுங்கள் என்றேன். மண்டிக்காரரின் அக்கா பாய்ந்தார். "பந்தக்காலைப் பிடுங்கச் சொல்ற வாயை முதல்ல கழுவிட்டு வாங்க!"

மேஸ்திரியும் கையை விரித்தார். "நானும் புள்ளகுட்டிக்காரன் சார். தொட மாட்டேன்."

சாரம் பிரித்தாயிற்று. கூரை நிற்கிறது. என் வளைவின் பலத்திலா, அவர்கள் மூங்கிலின் பலத்திலா? தெரியாது. மூங்கில் தாங்குகிறது என்றால் அது நழுவும் நேரம் என்ன ஆகும்?

10-2-59, செவ்வாய்
தூக்கமில்லை. பல் தேய்க்க மறந்தேன். மண்டிக்காரரிடம் நேராகவே சொன்னேன்: ஆப்பை எடுக்காமல் உறுதி தர முடியாது.

"விழுமா, விழாதா?"

"விழாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா! ஊரே வந்து சாப்பிடப் போகுது தம்பி!"

சவுக்கு முட்டு கொடுக்கட்டுமா என்றேன். "தூண் வேண்டாம்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?" சரி, அக்காவிடம் பேசுங்கள் என்றேன். "நீங்களே பேசுங்க" என்று நழுவிவிட்டார்.

பேசினேன். பலனில்லை.

11-2-59, புதன்
விருந்தாளிகள் வருவதற்கு முன்பே போய் நின்றேன். சமையல் ஆட்கள் அண்டாவைத் தரதரவென்று இழுத்து வந்தார்கள். ஆப்பில் இடித்தது. ஆப்பு தெறித்தது. மூங்கில் சாய்ந்து, சுவரை உரசி, விழுந்தது.

மேலே பார்த்தேன். நான்கு வளைவும் அப்படியே. சுண்ணாம்புத் தூள்கூட உதிரவில்லை.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" கைதட்டினேன். நிஜமாகவே.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பந்தக்கால் விழுந்து கிடக்கு, இந்த ஆளு கைதட்டறாரே! யாராவது புடிச்சு வெளிய தள்ளுங்க!"

நல்ல யோசனை எனக்கே வந்தது. ஒரு அண்டா நிறைய ஆற்று மணல், அதில் மூங்கில், திறப்புக்கு நேர் கீழே. மேலே வானம்தான், முட்ட ஒன்றுமில்லை. புதுசாக மஞ்சள், குங்குமம். அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதை முந்தாநாளே சொல்றதுக்கென்ன?"

சொல்லியிருக்க வேண்டியதுதான்.

ஓமப்புகை நேராக மேலே போயிற்று. யாரும் கண்ணைக் கசக்கவில்லை. மூத்த சம்பந்திக்கு மணவறை முழுக்கத் தெரிந்ததாம், மண்டிக்காரரிடம் பேசிவிட்டாராம்.

முதல் பந்தியில் நட்டநடுவில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தரம். மேலே பார்க்கவே இல்லை.